நினைத்த மாத்திரத்தில் நீக்கிவிடலாமா? அமெரிக்க அதிபரின் பதவிநீக்க அதிகாரமும் அதன் எல்லைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் உயர் அதிகாரி ஒருவர் திடீரென்று பதவியிலிருந்து நீக்கப்பட்டார் என்ற செய்தி வரும்போதெல்லாம், அதிபருக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிகிற கேள்வி அல்ல இது. நீக்கப்பட்டவர் எந்தப் பதவியில் இருந்தார், அந்தப் பதவியை உருவாக்கிய சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, அவர் பார்த்த வேலை எத்தகையது என்ற மூன்றையும் தெரிந்துகொண்ட பிறகே பதில் சொல்ல முடியும்.

அரசியலமைப்புச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது?

நியமனத்தைப் பற்றி விரிவாகச் சொல்கிறது. நீக்குவதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை. தூதர்கள், உச்ச நீதிமன்ற நீதிபதிகள், பிற உயர் அதிகாரிகள் ஆகியோரை அதிபர் முன்மொழிந்து, செனட் சபையின் ஆலோசனையோடும் ஒப்புதலோடும் நியமிக்க வேண்டும். கீழ்நிலை அதிகாரிகளை நியமிக்கும் பொறுப்பை அதிபரிடமோ, துறைத் தலைவர்களிடமோ, நீதிமன்றங்களிடமோ, செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு அவைகளைக் கொண்ட அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒப்படைக்கலாம். இப்படி வந்தவரை வெளியே அனுப்புவதற்கு அந்த ஆவணத்தில் வெளிப்படையாகக் காணப்படும் ஒரே வழி இம்பீச்மென்ட். அதாவது, பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்ட, செனட் விசாரித்து, மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் பதவியைப் பறிக்கும் முறை.

அதிபரின் அதிகாரத்துக்காக வாதிடுவோர் இரண்டு வாசகங்களை எடுத்துக்காட்டுவர். நிர்வாக அதிகாரம் அதிபரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்பது ஒன்று; சட்டங்கள் நேர்மையாக நிறைவேற்றப்படுவதை அவர் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. தனக்குக் கீழ்ப்படியாதவரை அகற்ற முடியாத ஒருவர் எப்படிச் சட்டத்தை நிறைவேற்றுவார் என்பது அவர்கள் கேள்வி. பதவிகள் தாமாக முளைப்பதில்லை, அவற்றைக் காங்கிரஸ்தான் சட்டம் போட்டு உருவாக்குகிறது, ஆகவே உருவாக்குகிற கைக்கே நிபந்தனை விதிக்கவும் உரிமை உண்டு என்பது எதிர்த்தரப்பின் பதில். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்குகள் அனைத்தும், அரசியலமைப்பின் இந்த மௌனத்துக்கு யார் பொருள் சொல்வது என்பதைப் பற்றியவைதாம்.

எழுதப்படாத அதிகாரம் அதிபரின் கைக்கு எப்படி வந்தது?

1789-ல், முதல் காங்கிரஸ் வெளியுறவுத் துறையை உருவாக்கும் மசோதாவை எடுத்துக்கொண்டபோது வந்தது. அத்துறையின் செயலாளரை யார் நீக்குவது என்ற கேள்வியில் உறுப்பினர்கள் நான்கு திசைகளில் இழுத்தார்கள். இம்பீச்மென்ட் தவிர வேறு வழியே இல்லை என்றார்கள் சிலர். நியமிக்கச் செனட் வேண்டுமென்றால் நீக்கவும் செனட் வேண்டும் என்றார்கள் வேறு சிலர்; அரசியலமைப்பை ஆதரித்து எழுதிய கட்டுரைகளில் அலெக்சாண்டர் ஹாமில்டன் முன்பு சொன்னதும் இதுதான். காங்கிரஸ் விரும்பியபடி சட்டத்தில் எழுதிக்கொள்ளலாம் என்பது மூன்றாவது கருத்து. அரசியலமைப்பே அந்த அதிகாரத்தை அதிபருக்குத் தந்துவிட்டது என்ற நான்காவது கருத்துக்கு, அரசியலமைப்பை வரைந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் குரல் கொடுத்தார்.

இறுதியில் மசோதாவில், அதிபர் செயலாளரை நீக்கும்போது ஆவணங்களைத் தலைமை எழுத்தர் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற வாசகம் சேர்ந்தது. நீக்கும் அதிகாரத்தை அது வழங்கவில்லை. ஏற்கெனவே இருப்பதாக எடுத்துக்கொண்டு பேசியது. செனட்டில் வாக்குகள் சமமாகப் பிரிய, துணை அதிபர் ஜான் ஆடம்ஸ் தம் வாக்கைப் போட்டு அதை நிறைவேற்றினார். மயிரிழையில் தப்பிப் பிழைத்த இந்த வாசகத்தைத்தான் பிற்காலத் தீர்ப்புகள் '1789-ன் முடிவு' என்று பெரிய பெயரிட்டு அழைக்கின்றன. அதே ஆண்டில், கருவூலத்தின் கணக்குத் தணிக்கை அலுவலரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அந்த வேலையில் நீதிபதியின் சாயல் இருப்பதால் அவர் முழுக்க அதிபரின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவராக இருக்கலாகாது என்று அதே மேடிசன் வாதிட்டார். இன்று இரு தரப்பாரும் மேடிசனைத் தம் பக்கத்துச் சாட்சியாக அழைப்பது இதனால்தான்.

எந்த அதிகாரிகளை அதிபர் காரணம் சொல்லாமலே நீக்கலாம்?

அமைச்சரவைச் செயலாளர்கள், தூதர்கள், அரசு வழக்கறிஞர்கள், துறைகளின் துணைச் செயலாளர்கள் ஆகியோரை நீக்கலாம். அதிபரின் கொள்கையைச் செயல்படுத்துவதற்காகவே இருப்பவர்கள் என்பதால் இவர்கள் விஷயத்தில் இன்று பெரிய சட்டச் சண்டை இல்லை. அரசியல் சண்டை உண்டு. 1833-ல், இரண்டாம் அமெரிக்க வங்கியிலிருந்து அரசுப் பணத்தை எடுத்துவிடும்படி அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் பணித்ததை ஏற்காத கருவூலச் செயலாளர் வில்லியம் டுவேன் நீக்கப்பட்டு, ரோஜர் டேனி அந்த இடத்துக்கு வந்து பணத்தை எடுத்தார். செனட் 1834-ல் ஜாக்சன்மீது கண்டனத் தீர்மானம் போட்டது. 1837-ல் ஜாக்சனின் ஆட்கள் செனட்டில் பெரும்பான்மையாக வந்ததும் அத்தீர்மானம் குறிப்பேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஆக, நீக்கப்பட்டவர் நீக்கப்பட்டவராகவே போனார். கண்டனமும் பின்னாலேயே போயிற்று.

பதவிக்காலம் இத்தனை ஆண்டு என்று சட்டத்தில் இருந்தால், அதுவே பாதுகாப்பு இல்லையா?

இல்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். காலத்தைக் குறிப்பிடும் சட்டம் மேல் எல்லையைத்தான் சொல்கிறது. அதுவரை நாற்காலி உறுதி என்று சொல்வதில்லை. நான்கு ஆண்டுப் பதவிக்காலம் கொண்ட அரசு வழக்கறிஞரை இடையில் நீக்கியது செல்லும் என்று 1897-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எஃப்.பி.ஐ. இயக்குநருக்குப் பத்தாண்டு என்று 1976-ல் வரையறுத்ததும், ஜே. எட்கர் ஹூவரைப் போல ஒருவரே பல பத்தாண்டுகள் அமர்ந்துவிடக் கூடாது என்ற கவலையின் விளைவுதான். வில்லியம் செஷன்ஸை 1993-ல் பில் கிளிண்டனும், ஜேம்ஸ் கோமியை 2017-ல் டொனால்ட் டிரம்ப்பும் காலம் முடியும் முன்பே நீக்கினார்கள். பாதுகாப்பு வேண்டுமென்றால், இன்ன காரணங்களுக்காக மட்டுமே நீக்கலாம் என்ற வாசகம் சட்டத்தில் தனியாக இருக்க வேண்டும்.

நீக்குவதற்கும் செனட்டின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டம் போட்டால்?

போட்டுப் பார்த்தார்கள். லிங்கன் கொல்லப்பட்ட பின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சனுக்கும், தெற்கு மாநிலங்களை எப்படி நடத்துவது என்பதில் அவரோடு முட்டிக்கொண்ட காங்கிரஸுக்கும் இடையே பகை முற்றியிருந்த 1867 மார்ச்சில், அதிபரின் தடையாணையை (வீட்டோ) மீறிப் பதவிக்காலச் சட்டம் நிறைவேறியது. செனட்டின் ஒப்புதலோடு வந்தவரைச் செனட்டின் ஒப்புதலின்றி அனுப்பக் கூடாது என்பது அதன் சாரம். போர்த்துறைச் செயலாளர் எட்வின் ஸ்டான்டனைக் காப்பதே அதன் உடனடி நோக்கம். ஆனால் அவரை நியமித்தவர் லிங்கன்; சட்டமோ அமைச்சரவை உறுப்பினர்களுக்கு, நியமித்த அதிபரின் காலமும் அதற்குமேல் ஒரு மாதமும் என்று பாதுகாப்பு அளித்தது. யாருக்காகச் சட்டம் வந்ததோ அவரையே அது காக்கிறதா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை.

1868 பிப்ரவரி 21 அன்று ஜான்சன் ஸ்டான்டனை நீக்கி, ஜெனரல் லொரென்சோ தாமஸை அந்த இடத்தில் அமர்த்தினார். ஸ்டான்டன் இடத்தைக் காலி செய்யவில்லை. 'விடாதீர்' என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லைச் செனட்டர் சார்லஸ் சம்னர் அவருக்கு எழுதி அனுப்பினார். ஸ்டான்டனின் புகாரின் பேரில் மறுநாள் காலை தாமஸ் கைது செய்யப்பட்டு, பிணையில் வெளியே வந்து, நேராகப் போர்த்துறை அலுவலகத்துக்கே போனார். இருவரும் நான்தான் செயலாளர், நான்தான் செயலாளர் என்று சற்று நேரம் வாதாடினார்கள். அடுத்த முறை என்னைக் கைது செய்வதானால் ஏதாவது சாப்பிட்ட பிறகு செய்யுங்கள், காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை என்று தாமஸ் குறைப்பட, ஸ்டான்டன் அவர் தோளில் கைபோட்டு, தலைமுடியைக் கோதிவிட்டு, விஸ்கி வரவழைத்து இருவருக்கும் சரிசமமாக ஊற்றினார். இதைச் செனட் விசாரணையில் தாமஸே சாட்சியமாகச் சொன்னார்.

மூன்றே நாட்களில், பிப்ரவரி 24 அன்று, பிரதிநிதிகள் சபை 126-க்கு 47 என்ற வாக்குகளில் ஜான்சனை இம்பீச் செய்தது. செனட்டில் 35 பேர் குற்றவாளி என்றும் 19 பேர் இல்லை என்றும் வாக்களித்தார்கள்; மூன்றில் இரண்டு பங்குக்கு 36 வேண்டும். ஒரு வாக்கில் ஜான்சன் பிழைத்தார். அலுவலகத்தைவிட்டு மே மாத இறுதிவரை நகராதிருந்த ஸ்டான்டன் அதன் பிறகே வெளியேறினார். அந்தச் சட்டம் 1887-ல் ரத்து செய்யப்பட்டது.

அந்த யோசனை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் எப்போது சொன்னது?

சட்டம் செத்து 39 ஆண்டுகள் கழித்து, ஒரு போஸ்ட்மாஸ்டரின் சம்பளப் பாக்கி வழக்கில் சொன்னது. ஒரெகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் முதல் நிலைப் போஸ்ட்மாஸ்டராக 1917-ல் நான்கு ஆண்டுக்கு நியமிக்கப்பட்டவர் ஃபிராங்க் மயர்ஸ். 1920 ஜனவரியில் பதவி விலகச் சொன்னபோது மறுத்தார். பிப்ரவரி 2 அன்று அதிபர் உட்ரோ வில்சனின் உத்தரவுப்படி நீக்கப்பட்டார். இத்தகைய போஸ்ட்மாஸ்டர்களை நீக்கவும் செனட்டின் ஒப்புதல் வேண்டும் என்று 1876-ன் சட்டம் ஒன்று சொன்னது. வில்சன் செனட்டைக் கேட்கவே இல்லை. மீதிக் காலத்துச் சம்பளம் 8,838 டாலர் 71 சென்ட் கேட்டு மயர்ஸ் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடக்கும்போதே அவர் இறந்துவிட, அவருடைய மனைவி அதைத் தொடர்ந்து நடத்தினார்.

1926 அக்டோபர் 25 அன்று வந்த தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி வில்லியம் டாஃப்ட். அவர் முன்னாள் அதிபரும்கூட. அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தவர் அந்த நாற்காலியின் அதிகாரத்தைப் பற்றி எழுதினால் எப்படியிருக்கும் என்று ஊகிக்கலாம்: தாம் நியமித்த நிர்வாக அதிகாரிகளை நீக்கும் அதிகாரம் அதிபருக்கு மட்டுமே உரியது, செனட் அதில் பங்கு கேட்க முடியாது, 1867-ன் பதவிக்காலச் சட்டமும் செல்லாததே என்று மிக நீண்ட தீர்ப்பு ஒன்றை அவர் தந்தார். ஒன்பது பேரில் ஹோம்ஸ், மெக்ரெனால்ட்ஸ், பிராண்டைஸ் ஆகிய மூவர் மாறுபட்டனர். அதிகாரப் பிரிவினை என்பது வேலை வேகமாக நடப்பதற்காக அல்ல, தன்னிச்சையான ஆட்சியைத் தடுப்பதற்காக ஏற்பட்டது என்று பிராண்டைஸ் எழுதியது, தோற்ற பக்கத்தின் வாசகமாக இருந்தும் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. மயர்ஸின் மனைவிக்கு ஒரு சென்ட்டும் கிடைக்கவில்லை.

அப்படியானால் 'சுதந்திரமான ஆணையங்கள்' எங்கிருந்து வந்தன?

ஒன்பதே ஆண்டுகளில் இன்னொரு இறந்த மனிதரின் சம்பள வழக்கிலிருந்து அவற்றுக்குச் சட்டபூர்வமான அடித்தளம் கிடைத்தது. 1914-ன் சட்டத்தால் உருவான ஃபெடரல் வர்த்தக ஆணையத்தில் ஐந்து உறுப்பினர்கள். ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது. பதவிக்காலம் ஏழு ஆண்டு. திறமையின்மை, கடமை தவறுதல், பதவியில் முறைகேடு ஆகியவற்றுக்காக அதிபர் நீக்கலாம். குடியரசுக் கட்சி அதிபர் ஹெர்பர்ட் ஹூவரால் மீண்டும் நியமிக்கப்பட்ட வில்லியம் ஹம்ஃப்ரி, 1938 வரை பதவியில் இருக்க வேண்டியவர்.

1933-ல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அவரை விலகச் சொல்லிக் கடிதம் எழுதினார். உங்கள்மீது குற்றம் குறை ஏதுமில்லை, ஆனால் ஆணையத்தின் கொள்கையிலும் நிர்வாகத்திலும் உங்கள் மனமும் என் மனமும் ஒத்துப்போகவில்லை என்பது அக்கடிதங்களின் உள்ளடக்கம். நாகரிகமாக எழுதப்பட்ட அந்த வரிதான் பிறகு அரசுக்கு வினையாக முடிந்தது. சட்டத்தில் சொன்ன மூன்று காரணங்களில் எதையும் சொல்லாமல் நீக்கினேன் என்று அதிபரே கையெழுத்திட்டுக் கொடுத்தது போல் ஆயிற்று. ஹம்ஃப்ரி விலகவில்லை, அக்டோபர் 7 அன்று நீக்கப்பட்டார், 1934 பிப்ரவரி 14 அன்று இறந்தார். அவருடைய சொத்துப் பொறுப்பாளர், நீக்கிய நாளுக்கும் இறந்த நாளுக்கும் இடைப்பட்ட சம்பளத்தைக் கேட்டு வழக்குத் தொடர்ந்தார்.

1935 மே 27 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதிபருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஆணையம் வெறும் நிர்வாக உறுப்பு அல்ல. காங்கிரஸுக்காக ஆய்வு செய்து அறிக்கை தருவதில் சட்டமன்றத்தின் சாயலும், வழக்குகளை விசாரிப்பதில் நீதிமன்றத்தின் சாயலும் கொண்டது. ஆகவே அதன் உறுப்பினர்களை நீக்கக் காரணம் வேண்டும் என்று காங்கிரஸ் விதித்தது செல்லும் என்றார்கள். எழுதியவர் நீதிபதி சதர்லாண்ட். டாஃப்டின் தீர்ப்பில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர்; இப்போது, அதில் இருந்த விரிவான கருத்துகள் வழக்குக்குத் தேவையற்றவை, போஸ்ட்மாஸ்டர் போன்ற முழு நிர்வாக அதிகாரிகளுக்கே அது பொருந்தும் என்று சுருக்கிவிட்டார்.

சட்டத்தில் பாதுகாப்பு வாசகமே இல்லாவிட்டாலும் நீதிமன்றம் பாதுகாப்பு தருமா?

ஒருமுறை தந்தது. இரண்டாம் உலகப் போரில் இழப்படைந்தோரின் கோரிக்கைகளை விசாரிக்கும் ஆணையத்தில் இருந்த மைரன் வீனரை ஐசன்ஹோவர் நீக்கினார். நீக்கத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும், கோரிக்கைகளை ஆதாரத்தின் அடிப்படையில் தீர்த்துவைக்க அமர்த்தப்பட்டவர்களின் தலைக்குமேல் அதிபரின் கத்தி தொங்குவதைக் காங்கிரஸ் விரும்பியிருக்காது என்று 1958-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக முடிவு செய்தது.

'தகுந்த காரணம்' என்றால் என்ன? அதை யார் தீர்மானிப்பது?

சட்டங்கள் ஒரே மொழியில் பேசுவதில்லை. சிலவற்றில் மேலே சொன்ன மூன்று காரணங்களும் இருக்கும். தேசியத் தொழிலாளர் உறவு வாரியச் சட்டத்தில் கடமை தவறுதல், முறைகேடு என்ற இரண்டு மட்டும் உண்டு. அதுவும் முன்னறிவிப்பும் விசாரணையும் நடத்திய பிறகே. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் சட்டத்தில் 'காரணத்தின் பேரில்' என்பதற்கு மேல் விளக்கம் இல்லை. கொள்கையில் உடன்பாடில்லை என்பது காரணம் ஆகாது என்பதே ஹம்ஃப்ரி வழக்கிலிருந்து பெறப்படும் பாடம். அதற்கு மேல் எது காரணம் ஆகும் என்பதில் தீர்ப்புகள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. ஏனென்றால் பெரும்பாலான அதிபர்கள் பதவிக்காலம் முடியும்வரை பொறுத்திருந்தார்கள், அல்லது சம்பந்தப்பட்டவர்கள் தாமே விலகிக்கொண்டார்கள்.

அதிபரையே விசாரிக்கும் அதிகாரியை அதிபர் நீக்கலாமா?

1973 அக்டோபர் 20, சனிக்கிழமை மாலை இதற்கு ஒரு விடை கிடைத்தது. எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த அத்துமீறலும் அதை மூடிமறைத்ததும் பற்றிய வாட்டர்கேட் விவகாரத்தை விசாரித்துவந்த சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ், வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களைக் கேட்டு விடாப்பிடியாக நின்றார். அவரை நீக்கும்படி அதிபர் ரிச்சர்ட் நிக்சன் சொன்னதை ஏற்காமல் அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன் விலகினார். அடுத்த நிலையில் இருந்த வில்லியம் ரக்கல்ஷாஸும் மறுத்துப் போனார். மூன்றாமவரான ராபர்ட் போர்க் உத்தரவில் கையெழுத்திட்டார். நீக்கம் நடந்துவிட்டது. ஆனால் ஒலிநாடாக்களை அது காப்பாற்றவில்லை. பத்து மாதங்களுக்குள் நிக்சனே பதவி விலக நேர்ந்தது. சட்டம் தடுக்காத இடத்தில் கூட, ஒவ்வொரு கதவாகத் தட்டி ஆள் தேட வேண்டிவருவது ஒரு கட்டுப்பாடுதான்.

அதன் பாடத்தால் 1978-ல் வந்த சட்டம், அதிபரால் நேரடியாகத் தொட முடியாத சுயேச்சை வழக்கறிஞர் என்ற பதவியை ஏற்படுத்தியது. 1988-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்ற கணக்கில் அது செல்லும் என்றது. தனித்து நின்று எதிர்த்த நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா, வழக்குத் தொடுப்பது முழுக்க முழுக்க நிர்வாக அதிகாரம், அதில் ஒரு துணுக்கைக்கூட அதிபரிடமிருந்து பிரிக்க முடியாது என்று எழுதினார். சட்டம் 1999-ல் காலாவதியானபோது, கிளிண்டன் விசாரணையில் சூடு பட்டிருந்த இரு கட்சிகளும் அதைப் புதுப்பிக்க முன்வரவில்லை. ஸ்காலியாவின் தனிக்குரலோ பின்வந்த நீதிபதிகளின் பெரும்பான்மைக் கருத்தாக மெல்ல மாறியது.

காங்கிரஸே ஓர் அதிகாரியை நீக்கும் உரிமையை வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பில் உள்ளவரை, இம்பீச்மென்ட் வழியில் அன்றி, காங்கிரஸ் தன் பிடியில் வைத்துக்கொள்ள முடியாது என்று 1986-ல் தீர்ப்பாயிற்று.

2010-க்குப் பிறகு என்ன மாறியது?

விதி எது, விலக்கு எது என்பது தலைகீழாயிற்று. அதுவரை, நியாயமான பாதுகாப்பைக் காங்கிரஸ் விதிக்கலாம் என்ற போக்கு இருந்தது. 2010-ல் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், கணக்குத் தணிக்கை நிறுவனங்களைக் கண்காணிக்கும் வாரியத்தைப் பற்றிய வழக்கில், காரணமின்றி நீக்க முடியாத ஆணையத்தின் கீழ், காரணமின்றி நீக்க முடியாத இன்னொரு வாரியம் என்று இரண்டு அடுக்குச் சுவர் எழுப்ப முடியாது என்றார். 2020-ல், நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகத்துக்கு ஒற்றை இயக்குநரை வைத்து அவரைக் காரணமின்றி நீக்க முடியாதபடி செய்ததும் செல்லாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பணியகம் தப்பியது, பாதுகாப்பு வாசகம் மட்டும் கழன்றது. அதிபரின் நீக்கும் அதிகாரமே பொது விதி என்றும், பெரிய நிர்வாக அதிகாரம் இல்லாத பல உறுப்பினர் குழுக்களும் குறுகிய பணி கொண்ட கீழ்நிலை அதிகாரிகளும் மட்டுமே விலக்கு என்றும் அதில் எழுதப்பட்டது. 2021 ஜூனில் வீட்டுவசதி நிதி முகமையின் இயக்குநருக்கும் அதே முடிவு. தீர்ப்பு வந்த நாளிலேயே ஜோ பைடன் அந்த இயக்குநரை மாற்றினார். அடுத்த மாதம் சமூகப் பாதுகாப்புத் துறையின் ஆணையரையும் நீக்கினார். ஒரு கட்சி அதிபரின் வசதிக்காகத் திறக்கப்பட்ட கதவு மற்றக் கட்சி அதிபருக்கும் திறந்தே இருக்கும் என்பதை இந்த வழக்குகளைப் படிக்கும்போது மறந்துவிடக் கூடாது.

சாதாரண அரசு ஊழியர்களையும் அதிபர் இப்படி நீக்கலாமா?

முடியாது. அதிபர் மாறும்போது நிரப்பப்படும் அரசியல் நியமனங்கள் சுமார் 4,000. அரசின் குடிமைப் பணியாளர்களோ 20 லட்சத்துக்கும் மேல். ஒரு காலத்தில் அஞ்சலக எழுத்தர்வரை கட்சிக்காரர்களுக்கே வேலை என்றிருந்தது. அரசு வேலை கிடைக்காத ஆத்திரத்தில் இருந்த ஒருவன் 1881-ல் அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்ட பிறகு, 1883-ல் தேர்வு அடிப்படையிலான குடிமைப் பணிச் சட்டம் வந்தது. 1912-ன் சட்டம் பணித்திறனை மேம்படுத்தும் காரணத்துக்காக மட்டுமே நீக்கலாம் என்றது. 1978-ன் சட்டம் மேல்முறையீட்டுக்குத் தனி வாரியம் அமைத்தது. கொள்கை வகுப்பதில் பங்குள்ள ஊழியர்களைத் தனிப் பட்டியலுக்கு மாற்றி இப்பாதுகாப்பை அகற்ற 2020 அக்டோபரில் டிரம்ப் ஆணையிட்டார். பைடன் ரத்து செய்தார். 2025 ஜனவரியில் டிரம்ப் மீண்டும் கொண்டுவந்தார்.

துறைகளுக்குள் முறைகேட்டைத் தேடும் இன்ஸ்பெக்டர் ஜெனரல்கள் இடைநிலையில் இருக்கிறார்கள். அதிபர் அவர்களை நீக்கலாம். ஆனால் 30 நாட்களுக்கு முன்பே காங்கிரஸுக்குத் தெரிவித்து, விரிவான காரணமும் எழுதித்தர வேண்டும். 2025 ஜனவரியில் ஒரே இரவில் சுமார் 17 பேர் நீக்கப்பட்டபோது இந்த முன்னறிவிப்பு தரப்படவில்லை.

நீதிபதிகள்?

வாழ்நாள் பதவியில் உள்ள ஃபெடரல் நீதிபதிகளை அதிபர் எந்தக் காரணத்துக்காகவும் தொட முடியாது. இம்பீச்மென்ட் ஒன்றே வழி. அவ்வழியில் செனட்டால் பதவி பறிக்கப்பட்ட நீதிபதிகள் எட்டுப் பேர்.

2025-ல் நடந்த நீக்கங்கள் ஏன் இவ்வளவு பேசப்பட்டன?

ஹம்ஃப்ரி தீர்ப்பை நேருக்கு நேர் சந்தித்ததால். தொழிலாளர் உறவு வாரியத்தின் க்வின் வில்காக்ஸ் ஜனவரியில் நீக்கப்பட்டார். ஊழியர் மேல்முறையீட்டு வாரியத்தின் கேத்தி ஹாரிஸும் நீக்கப்பட்டார். கீழ் நீதிமன்றங்கள் அவர்களைத் திரும்ப அமர்த்தின. மே 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுகளை நிறுத்திவைத்தது. மார்ச்சில், 90 ஆண்டுக்கு முன் ஹம்ஃப்ரி இருந்த அதே வர்த்தக ஆணையத்தின் உறுப்பினர் ரெபெக்கா ஸ்லாட்டர் நீக்கப்பட்டார். அவர் தொடர்வது நிர்வாகத்தின் முன்னுரிமைகளுக்கு ஒத்துவராது என்பதே சொல்லப்பட்ட காரணம். ரூஸ்வெல்ட்டின் கடிதத்தைப் படித்தவர்களுக்கு இது பழகிய குரலாகவே ஒலிக்கும். செப்டம்பரில் அவ்வழக்கை எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம் இரண்டு கேள்விகளை வகுத்தது: 1935-ன் தீர்ப்பைக் கைவிட வேண்டுமா என்பது முதலாவது, நீக்கத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு உண்டா என்பது இரண்டாவது. டிசம்பர் 8 அன்று வாதங்கள் கேட்கப்பட்டன.

ஃபெடரல் ரிசர்வை மட்டும் ஏன் தனியாகப் பேசுகிறார்கள்?

வட்டி விகிதம் அதன் கையில் இருப்பதால். தேர்தல் நெருங்கும்போது வட்டியைக் குறைக்க விரும்பாத அதிபர் அரிது. அந்த ஆசைக்கு இணங்கினால் விலைவாசி பின்னர் பழிவாங்கும். அதனால்தான் அதன் நிர்வாகக் குழு உறுப்பினர்களான ஏழு ஆளுநர்களுக்கும் 14 ஆண்டுப் பதவிக்காலம். மே 22-ன் உத்தரவில் உச்ச நீதிமன்றமே, ஃபெடரல் ரிசர்வ் தனிச்சிறப்பான அமைப்பு கொண்டது, பாதி தனியார் தன்மை உடையது, முதலாம் இரண்டாம் அமெரிக்க வங்கிகளின் வழிவந்தது என்று வலிந்து ஒரு வரி சேர்த்தது. வட்டியை நிர்ணயிப்பது நிர்வாக அதிகாரம் அல்லவென்றால், வர்த்தக மோசடியைத் தடுப்பது மட்டும் எப்படி அப்படி ஆகும் என்ற கேள்விக்கு அந்த வரியில் விடை இல்லை. சட்டத்தைவிடச் சந்தையின் அச்சம்தான் அதை எழுதவைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

2025 ஆகஸ்டில் ஆளுநர் லிசா குக்கை நீக்குவதாக டிரம்ப் அறிவித்தார். வீட்டுக்கடன் ஆவணங்களில் பிழை என்ற குற்றச்சாட்டைக் காரணமாகக் காட்டினார், குக் மறுத்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேலான ஃபெடரல் ரிசர்வ் வரலாற்றில் ஆளுநர் ஒருவரை நீக்க எந்த அதிபரும் அதற்கு முன் முயன்றதில்லை. பதவிக்கு வரும் முன்பு நடந்ததாகச் சொல்லப்படுவது 'காரணம்' ஆகுமா, பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் நீக்கலாமா என்பவை அதில் எழுந்த கேள்விகள். மாவட்ட நீதிமன்றம் நீக்கத்தைத் தடுத்தது. வழக்கு நடக்கும்போது அவர் பதவியில் தொடர உச்ச நீதிமன்றமும் இடமளித்தது.

நீக்கியது சட்டவிரோதம் என்று தீர்ப்பானால், பழைய நாற்காலி திரும்பக் கிடைக்குமா?

வரலாற்றில் பெரும்பாலும் கிடைத்தது பணம்தான். மயர்ஸ், ஹம்ஃப்ரி, வீனர் ஆகிய மூன்று வழக்குகளிலும் கேட்கப்பட்டது சம்பளப் பாக்கி மட்டுமே. யாரும் பதவியைத் திரும்பக் கேட்கவில்லை, அவர்களில் இருவர் கேட்கும் நிலையில் உயிரோடும் இல்லை. அதிபரைப் பார்த்து இவரை மீண்டும் அமர்த்துங்கள் என்று ஆணையிட நீதிமன்றத்தால் முடியாது, அதிகபட்சம் சம்பளத்தைக் கொடுக்கச் சொல்லலாம் என்பது அரசுத் தரப்பின் வாதம். அதிபருக்குக் கீழே உள்ளவர்களிடம், இவருக்கு அறையைத் திறந்துவிடுங்கள், கோப்புகளை அனுப்புங்கள், கூட்டத்தில் வாக்கை எண்ணுங்கள் என்று ஆணையிட்டாலே போதும் என்பது மறுதரப்பின் பதில். கீழ் நீதிமன்றங்கள் 2025-ல் அப்படித்தான் செய்தன. அரசு சொல்வதே சரியென்றால், தனக்குப் பிடிக்காத ஆணையர் ஒருவரை அகற்றுவதற்கான விலை அவருடைய மீதிக் காலத்துச் சம்பளம்தான். ஹம்ஃப்ரிக்கு ஆண்டுச் சம்பளம் 10,000 டாலர். அவர் இறந்த நாள்வரை கணக்கிட்டால் நான்கு மாதமும் ஒரு வாரமும்.